லிங்க் ரிசோல்வர்: தமிழில் என்ன சொல்?

கண்டியிலிருந்து:

அன்பின் குழுமத்தினருக்கு,

நூலகப் பயனர் கையேட்டைத் தமிழில் எழுதும் வேலை ‘லிங்க் ரிசோல்வர்’ (link resolver) என்ற மென்பொருள் கருவியின் பெயரில் வந்து நிற்கிறது. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘இணைப்புத் தீர்ப்பான்’. தீர்ப்பு என்றதும் நீதிமன்றம்தான் கண்முன் வரும். ஆகவே இதை முதலிலேயே ஒதுக்கிவிடுகிறேன்.

கருவி செய்வது இதுதான். மாணவி ஒருவர் தரவுத்தளத்தில் ஒரு கட்டுரையின் விவரத்தைக் காண்கிறார். முழுக்கட்டுரை அங்கே இல்லை. பக்கத்திலுள்ள பொத்தானை அழுத்தினால் இதழுக்குரிய ஐ.எஸ்.எஸ்.என். எண், ஆண்டு, தொகுதி, முதற்பக்கம் எல்லாம் ஒரே முகவரிக்குள் அடுக்கப்பட்டு நமது சேவையகத்துக்கு வரும். அடுக்கும் முறைக்குப் பெயர் ஓப்பன்யூஆர்எல். பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் ஹெர்பர்ட் வன் டி சொம்பெல் 1990களின் இறுதியில் செய்த வேலையிலிருந்து வந்தது. இப்போது அமெரிக்கத் தகவல் தர அமைப்பான நைசோவின் இசட்39.88-2004 தரம். சேவையகம் தன் இருப்புப் பட்டியலைப் பார்த்து, இந்த வாசகருக்குத் திறக்கக்கூடிய பிரதி எங்கே உள்ளதோ அங்கே அவரை அனுப்புகிறது. பதிப்பாளரின் தளம், பல பதிப்பாளரின் இதழ்களைச் சேர்த்துத் தரும் திரட்டுத் தளம், நமது அலுமாரியில் கட்டிவைத்த தொகுதி என ஒரே கட்டுரை மூன்று இடங்களில் இருக்கலாம். மூன்றில் எது இவருக்கு உரியது என்று கண்டுபிடிப்பதே இதன் வேலை.

பதுளையிலிருந்து:

வணக்கம் சேர். ‘ஆற்றுப்படுத்தி’ என்று சொல்லலாமே? பரிசில் பெற்று வரும் பாணன், எதிரே வரும் பாணனுக்கு இன்ன வழியாகப் போ, இன்ன வள்ளலைக் காண் என்று சொல்வதுதான் ஆற்றுப்படை. வழியும் சொல்கிறான், போய்ச் சேர வேண்டிய வாசலும் சொல்கிறான். கருவி செய்வதும் அதுவே. ‘வழிப்படுத்தி’ என்றும் யோசித்தேன். அது ரவுட்டருக்குப் போய்விட்டது.

ஹட்டனிலிருந்து:

ஆற்றுப்படுத்தி அழகான சொல், மிஸ். ஆனால் இங்கே கல்வியியற் கல்லூரி மாணவரிடம் ‘ஆற்றுப்படுத்தல்’ என்றால் மன உளைச்சலுக்கு ஆலோசனை கேட்கப் போகும் அறை என்றுதான் விளங்கிக்கொள்வார். இலங்கையில் அந்தப் பொருள் ஊன்றிவிட்டது. நூலகத் திரையில் அந்தச் சொல்லைப் போட்டால் வருகிறவர் தடுமாறுவார்.

நம் ஊரிலேயே ஓர் உவமை இருக்கிறது. தோட்டத்துக்கு வரும் கடிதத்தில் ஆளின் பெயரும் தோட்டத்தின் பெயரும்தான் இருக்கும்; தொழிலாளர் வரிசைவீடான லயத்தின் அறைக்குத் தனி முகவரி கிடையாது. தப்பால்காரருக்கு எந்த டிவிஷன், எந்த லயம் என்று தெரிந்தால்தான் கடிதம் கைக்கு வரும். மேற்கோளும், அதாவது கட்டுரையின் விவரமும், அப்படி அரைகுறை முகவரிதான். இருப்புப் பட்டியல் தப்பால்காரரின் தலைக்குள் இருக்கும் அறிவு. அது பிழைத்தால் கருவி எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை.

கடிதம் வாங்குகிறவருக்கு வேண்டியது கடிதம். தொடுப்பை (லிங்க்) பற்றி அவருக்கு என்ன? ஆகவே சொல்லில் ‘தொடுப்பு’ வேண்டாம், ‘பிரதி’ இருக்கட்டும். என் முன்மொழிவு: பிரதிகாட்டி. நாட்காட்டி, திசைகாட்டி, வழிகாட்டி எல்லாம் பழகிய வார்ப்பு. ‘படிகாட்டி’ தனித்தமிழ்தான், ஆனால் படிக்கட்டா, படிப்பா, அளக்கும் படியா என்று மயங்கும்.

கண்டியிலிருந்து:

சொல்லை உதவி மேசையில் வைத்துப் பார்த்தேன். அங்கு வரும் முறைப்பாடுகளை அதில் சொல்ல முடிந்தால் சொல் நிற்கும்.

ஒன்று: ‘பிரதிகாட்டி காட்டிய பிரதி திறக்கவில்லை.’ வழமையான காரணம் தடைக்காலம். திரட்டுத் தளம் கடைசி 12 மாத இதழ்களைத் தராது. அது கேபார்ட் கோப்பின் (இருப்புப் பட்டியலை எழுதும் பொது வடிவம்) தடைக்கால நிரலில் ‘பி12எம்’ (P12M) என்று இருக்க வேண்டும். நிரல் வெறுமையாக இருந்தால் கருவி புதிய இதழுக்கும் ஆளை அனுப்பிவிடும். வீட்டிலிருந்து கைப்பேசியில் வருகிறவருக்கு இன்னொரு காரணமும் உண்டு: தொடுப்பின் முன்னால், அவர் நம் நூலகத்தவர் என்று காட்டும் நூலகப் பதிலி (ப்ரொக்ஸி) முகவரி சேர்க்கப்படவில்லை என்றால், பதிப்பாளர் தளம் அவரை வெளியாளாக எண்ணிக் காசு கேட்கும்.

இரண்டு: ‘இதழ் நம்மிடம் இருக்கிறது, பிரதிகாட்டி இல்லை என்கிறது.’ அச்சுக்கும் இணையத்துக்கும் ஐ.எஸ்.எஸ்.என். வேறு, பட்டியலில் ஒன்றை மட்டும் போட்டால் மற்றது சிக்காது. இதழின் பெயர் மாறினால் எண்ணும் மாறும். தேயிலை ஆராய்ச்சி படிக்கிறவர்கள் இதில் அடிக்கடி அகப்படுவார்கள்: ‘டீ குவாட்டர்லி’தான் பின்னர் ‘ஸ்ரீலங்கா ஜேர்னல் ஒப் டீ சயன்ஸ்’ ஆனது. பழைய பெயரைப் புதியதோடு பிணைக்க, கேபார்ட்டின் 25 நிரல்களில் ‘முந்தைய வெளியீட்டு அடையாளம்’ என்று ஒன்று உண்டு. அதை நிரப்புவோர் குறைவு. தயவுசெய்து நிரப்புங்கள்.

கோப்பை எக்செலில் இரட்டை அழுத்தாக அழுத்தித் திறக்காதீர்கள். ‘1998-01’ என்பதை அது ‘ஜனவரி 98’ ஆக்கிவிடும். எல்லா நிரலையும் உரையாக இறக்கிக்கொண்டு, தாவல் பிரித்த யூடிஎஃப்-8 கோப்பாகவே சேமிக்க வேண்டும்.

இரண்டு முறைப்பாட்டிலும் சொல் இயல்பாகவே உட்கார்ந்தது. எனக்குச் சம்மதம்.

பதுளையிலிருந்து:

நானும் ஏற்கிறேன். ஆனால் ஒன்று: பிரதி இல்லாதபோது கருவி வேறு நூலகத்திலிருந்து இரவல் கேட்கும் படிவத்தைத் தருகிறது. அப்போது அது காட்டுவது என்ன? ‘பிரதி கிடைக்கும் வழி’ என்று வரைவிலக்கணத்தில் சேர்த்துக்கொண்டால் சரியாகிவிடும். பொத்தானில் மட்டும் கலைச்சொல் வேண்டாம். அங்கே ‘பிரதியைப் பெறுக’ போதும். கலைச்சொல் நமக்கும் கையேட்டுக்கும்.

தமிழ் இதழ்களுக்கு ஓர் எச்சரிக்கை. தலைப்பை வைத்துப் பொருத்தும் அமைப்பை நம்பாதீர்கள். யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய பதிவுகள் கருவியின் கண்ணுக்கு ஆங்கில எழுத்துக் குவியல். யூனிகோடிலும் ‘கொ’ இரண்டு விதமாக வரும்: கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடாக, அல்லது ஒரே குறியீடாக. திரையில் வேறுபாடு தெரியாது, கருவிக்கு இரண்டும் வேறு சொற்கள். பட்டியலை ஏற்றுமுன், ஒரே குறியீடாகச் சேர்த்து எழுதும் என்.எஃப்.சி. வடிவத்துக்கு ஒருங்கு செய்ய வேண்டும். நீளமும் சிக்கல்: முகவரிக்குள் போகும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட்; ஒரு பைட்டை எழுத 3 வரியுரு (எழுத்திடம்) வேண்டும், அதாவது 9 வரியுரு. 40 குறியீட்டுத் தலைப்பு 360 வரியுரு ஆகிவிடும்; சில பழைய அமைப்புகள் நடுவிலே வெட்டிவிடும். எண் இருந்தால் எண்ணையே அனுப்புங்கள்.

ஹட்டனிலிருந்து:

மிஸ் சொன்ன திருத்தத்தோடு வரைவிலக்கணம்:

பிரதிகாட்டி: மேற்கோள் விவரத்தைப் பெற்று, நூலக இருப்போடு ஒப்பிட்டு, வாசகருக்கு அனுமதியுள்ள பிரதியையோ அது கிடைக்கும் வழியையோ காட்டும் மென்பொருள்.

கருவி பார்க்கும் இருப்புப் பட்டியலை ஆங்கிலத்தில் ‘நொலேஜ் பேஸ்’ என்பர்; அதற்கு ‘அறிவுத்தளம்’ வேண்டாம். அதில் இருப்பது எந்த இதழ், எந்த ஆண்டிலிருந்து, எந்தத் தளத்தில் என்ற கணக்கு மட்டும். ‘இருப்புத்தளம்’ என்று எழுதிவைக்கிறேன். களஞ்சியப் பொருட்கணக்கோடு குழம்பும் என்று தோன்றினால் சொல்லுங்கள்.