சீரியல்ல நடிச்ச குழந்தைக்கு 18 வயசுல கையில என்ன மிஞ்சும்?

ஏற்காட்டுல ஷூட்டிங்னா, சீரியல் எடுக்கிற கம்பெனி சென்னையில இருந்தாலும், குழந்தையை நடிக்க வைக்க அனுமதி சேலம் கலெக்டர்கிட்டதான் வாங்கணும். குழந்தை எந்த மாவட்டத்துல நடிக்குதோ அந்த மாவட்டம்தான் கணக்கு. "சென்னையிலயே வாங்கியாச்சு"ன்னு மேனேஜர் சொன்னா நகல் கேளுங்க. குழந்தைங்க பட்டியல், பெத்தவங்க சம்மதம், பாதுகாப்புக்குப் பொறுப்பானவர் பேரு மூணும் இருக்கணும். அவர் ஒருத்தர் 5 குழந்தைங்களுக்கு மேல பார்த்துக்க முடியாது. கம்பெனி கொடுக்கிற உறுதிமொழி 6 மாசம்தான் செல்லும். சீரியலோ வருஷக்கணக்கா ஓடும்; புதுப்பிச்சாங்களான்னு நாமதான் பார்க்கணும்.

குழந்தையோட வேலை ஒரு நாளைக்கு 5 மணி நேரம், ஓய்வில்லாம 3 மணி நேரம், தொடர்ச்சியா 27 நாள். இதுக்கு மேல போகவே கூடாது. மலையில இது பனிமூட்டத்தாலதான் மீறிப்போகும். காலையில வெளிச்சம் இல்லாம உட்கார வெச்சுட்டு, சாயங்காலம் இழுப்பாங்க. மேக்கப் போட்ட நேரம், விட்ட நேரம் ரெண்டையும் நோட்டுல எழுதுங்க. இன்னொண்ணு, சேலத்துல பழைய மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோவோட நுழைவு வாயிலைத் தாண்டி மேல ஏறினா 20 கொண்டை ஊசி வளைவு. குழந்தையை வயிறு முட்டச் சாப்பிட வெச்சு வண்டியில ஏத்தாதீங்க.

*

பணத்தையும் சேர்த்துச் சொல்லணும். சம்பளத்துல குறைஞ்சது 20% குழந்தை பேர்ல தேசியமயமாக்கப்பட்ட வங்கியில டெபாசிட் ஆகணும், கம்பெனி நேரடியா போடணும். அப்பா கணக்குக்கு மொத்தமும் வந்தா அங்கேயே தப்பு ஆரம்பிச்சாச்சு. நடிப்புச் சம்பளம் திறமையால வர்றதால குழந்தையோட வருமானமாவே வரிக்கணக்குல வரும். ஆனா அந்த டெபாசிட் வட்டி, அப்பா அம்மால யாருக்கு வருமானம் அதிகமோ அவங்க கணக்குல சேரும். நிறைய பேர் சறுக்குறது இங்கதான். குழந்தைக்கு பான் கார்டு முதல்லயே எடுங்க. இல்லைன்னா சம்பளத்துல வரியா 10% பிடிக்க வேண்டிய இடத்துல 20% பிடிப்பாங்க.

*

கதையில "சில வருடங்களுக்குப் பிறகு"ன்னு கார்டு போட்டா குழந்தையோட வேலை அன்னிக்கே முடிஞ்சுது. அடுத்த வாரம் அதே பாத்திரத்துல வளர்ந்த ஆள் வருவாங்க. பையன்னா குரல் உடையுற வயசுல டப்பிங்கும் போயிடும். அதனால ஸ்கூல்ல பேரை எடுக்கவே எடுக்காதீங்க. படிப்புக்கு என்ன ஏற்பாடுன்னு கம்பெனி கொடுத்த உறுதிமொழியிலயே எழுதியிருக்கணும், அதைக் காட்டிக் கேளுங்க. 18 முடிஞ்சதும் பான் கார்டுல போட்டோவும் கையெழுத்தும் ஏத்தி, வங்கியில புதுசா கேஒய்சி (அடையாள, முகவரி சான்று) கொடுத்தாதான் டெபாசிட் பிள்ளை கைக்கு வரும்.