எண்ணெய் ஊற்றியும் பாலில் கொழுப்பு ஏறவில்லை, என்ன செய்யலாம்?

புதுப்பண்ணை:
ஜெர்சி கலப்பினப் பசு, இரண்டாம் ஈத்து, நாளுக்கு 14 லிட்டர் பால். பால் சங்கத்தில் 4.2 சதவீதம் காட்டிய கொழுப்பு 3.3க்கு இறங்கிவிட்டது. வைக்கோல், கொஞ்சம் பசுந்தீவனம், எண்ணெய் எடுக்காத அரிசித் தவிடு 2 கிலோ, பருத்திக்கொட்டை 2 கிலோ ஆட்டி வைக்கிறேன். பக்கத்துத் தோட்டத்தில் சொன்னார்கள் என்று கடலை எண்ணெயும் 200 மில்லி ஊற்றுகிறேன். அதற்குப் பிறகுதான் இன்னும் மோசம்.

கட்டுத்தறி:
எங்கள் தாத்தா காலத்தில் கொட்டை ஆட்டி வைக்காத வீடே கிடையாது தம்பி. கொஞ்சம் பொறுங்கள், ஏறும். இப்போது ஒருவர் வந்து, கால்சியம் மாதிரி தாதுக்கள் கலந்த தாது உப்பு வாங்கு என்பார் பாருங்கள்.

கறவைக்கணக்கு:
வந்துவிட்டேன் அண்ணா! முதலில் மாடு தின்னும் எண்ணெய்க் கணக்கு. கொட்டையில் 350 கிராமுக்கு மேல், தவிட்டில் 250க்கு மேல், எண்ணெய் 180. புல்லில், வைக்கோலில் இருப்பதையும் சேர்த்தால் ஒரு கிலோவை நெருங்கும். ஈரம் நீக்கிய கணக்கில் மொத்தத் தீவனம் 14 கிலோ என்றால், எல்லையான 6 சதவீதத்தைத் தாண்டியாயிற்று. இவ்வளவு எண்ணெய் நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்களை முடக்கும். பாலின் கொழுப்பில் ஏறக்குறைய பாதியை, நார் செரித்து வரும் அமிலங்களைக் கொண்டுதான் மடி தயாரிக்கிறது. போதாததற்கு, எண்ணெய் வயிற்றில் அரைகுறையாக மாறி உண்டாகும் சில கொழுப்பு அமிலங்கள் மடியின் வேலையையே அடக்கிவிடும்.

கட்டுத்தறி:
அப்படியானால் தாத்தா மாடு எப்படிக் கறந்தது?

கறவைக்கணக்கு:
எத்தனை லிட்டர் கறந்தது? இரண்டு, மூன்றுதானே. தின்றதும் கடலைக்கொடியும் சோளத்தட்டும். கடலைக்கொடியில் சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், தாராளம். வைக்கோலில் அது குறைவு, இருப்பதையும் அதிலுள்ள ஆக்சலேட் என்ற பொருள் பிடித்துக்கொள்ளும். தவிட்டில் பாஸ்பரஸ் மிக அதிகம், கால்சியம் பெயருக்குத்தான். இதற்கு மேல் எண்ணெய் விட்டால், கொழுப்பு அமிலமும் கால்சியமும் மெக்னீசியமும் சேர்ந்து சோப்பாகிச் சாணத்தோடு போகும். தீவனத்தில் கொழுப்பைக் கூட்டினால் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கூட்டத்தான் வேண்டும்.

கட்டுத்தறி:
அதற்குச் சுண்ணாம்புத் தெளிநீர் இருக்கிறதே. காசே இல்லை.

கறவைக்கணக்கு:
ஒரு லிட்டர் தெளிநீரில் ஒரு கிராம் கால்சியம்கூடத் தேறாது அண்ணா. ஒரு லிட்டர் பாலிலேயே 1.2 கிராம் போகிறது. 14 லிட்டருக்கு எத்தனை குடம் குடிக்கும்?

கட்டுத்தறி:
சரி, அந்தக் கணக்கு எனக்குத் தெரியாது. ஆனால் சினை மாட்டுக்கும் கால்சியத்தைக் கொட்டச் சொல்லி, கன்று போட்டதும் இரத்தத்தில் கால்சியம் இறங்கி வரும் பால் காய்ச்சலில் படுக்க வைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

கறவைக்கணக்கு:
அது நியாயம். ஈனுவதற்கு முந்தைய இரண்டு மூன்று வாரம் கூடுதல் கால்சியம் கூடாது. நான் சொன்னது கறவைக்கு.

புதுப்பண்ணை:
எண்ணெயை இன்றே நிறுத்துகிறேன். கொட்டை?

கறவைக்கணக்கு:
ஒரு கிலோ போதும். ஆட்டாமல் முழுசாக வையுங்கள், எண்ணெய் மெதுவாக வெளிவரும். தாது உப்பு தினம் 100 கிராம்.

கட்டுத்தறி:
முழுசாகவா! சாணத்தில் கொட்டையாகவே விழும். ஆட்டுவதை நான் விட மாட்டேன். எண்ணெய் வேண்டாம் என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

புதுப்பண்ணை:
ஈரோடு பக்கம் யாரிடமாவது கடலைக்கொடி இருக்கிறதா?