சி62 மாடல் எஞ்சின் சுற்றுக்கொரு முறை திக்குகிறது, உதவுங்கள்

கியோட்டோவில் இருக்கிறேன். என்னிடமுள்ள ‘என்’ கேஜ் சி62 நீராவி எஞ்சின் (1/150 அளவு, 9 மி.மீ. தண்டவாளம்) மூன்று வாரமாகச் சரியாக ஓடவில்லை. செகண்ட் ஹேண்டில் வாங்கியது. இங்கே உமேகோஜியிலுள்ள ரயில் அருங்காட்சியகத்தில் நிஜ சி62 வகையின் 2-ஆம் எண் எஞ்சின் நீராவி விடுவதைப் பார்த்துவிட்டு, புகைத்தகட்டில் (எஞ்சின் முன்பகுதியின் இரு பக்கமும் நிற்கும் தகடு) பறக்கும் அந்தத் தகைவிலான் குருவிச் சின்னத்துக்காகவே வாங்கினேன் என்றும் சொல்லலாம்.

மெதுவாக ஓட்டினால், பெரிய சக்கரம் சுற்றும் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் திக்குகிறது. லென்ஸ் வைத்துப் பார்த்தேன்: இடது பக்க இணைப்புத் தண்டு அடிமட்டத்துக்கு வரும் நொடியில் லேசாகத் தூக்கிக்கொள்கிறது. வேகம் கூட்டினால் தெரிவதில்லை. ரிவர்ஸில் இன்னும் மோசம்.

தண்டவாளத்தையும் சக்கரங்களையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்தேன். அச்சுகளில் ஊசிமுனை அளவு எண்ணெய் விட்டேன். பவர் பேக்கையும் (தண்டவாளத்துக்கு மின்சாரம் தரும் பெட்டி) மாற்றிப் பார்த்தாயிற்று. அதே பாதையில் டீசல் எஞ்சின் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது, அதனால் பாதையில் குறை இல்லை. சக்கரத்தை அச்சிலிருந்து கழற்ற மட்டும் பயம்; ஒருமுறை கழற்றினால் இரு பக்கமும் 90 டிகிரி வித்தியாசத்தில் திரும்பப் பொருத்துவது என் கைக்கு வராது.

சக்கரத்தைக் கழற்றாமலே, இது அந்த 90 டிகிரி பிசகியதாலா, பல்சக்கரம் விரிசல் விட்டதாலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?