சிறிய டர்போ எஞ்சின்களுக்கு உமிழ்வு விதிகள் மட்டும்தான் காரணமா?

கேள்வி

ஃபெராரி 458 இத்தாலியாவின் 4.5 லிட்டர் எஞ்சின், டர்போ (வெளியேறும் வாயுவின் விசையால் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் திணிக்கும் கருவி) ஏதுமின்றி நிமிடத்துக்கு 9,000 சுற்றுகளில் 570 குதிரைத்திறனைத் தந்தது. 2015இல் அதன் இடத்துக்கு வந்த 488 ஜிடிபியில் இருந்ததோ 3.9 லிட்டர் இரட்டை டர்போ எஞ்சின். திறன் 670 ஆக உயர்ந்தது. அதே ஆண்டில் போர்ஷே 911 கரேராவின் 3.4 லிட்டர் எஞ்சினும் 3.0 லிட்டர் டர்போவாகச் சுருங்கியது. இவற்றுக்கெல்லாம் உமிழ்வு விதிகளே காரணம் என்கிறார்கள். கூடுதல் திறன் வேண்டுமென்றால் கூடுதல் எரிபொருள் எரிந்தாக வேண்டும் அல்லவா? அப்படியிருக்க, காற்றை அழுத்தித் திணித்து அதற்கேற்ப எரிபொருளையும் எரிக்கும் எஞ்சின் எப்படிக் குறைவாக உமிழும்?

மறுமொழி 1

முழுத் திறனில் ஓட்டும்போது நீங்கள் சொல்வதுதான் சரி. ஆனால் உமிழ்வை அளக்கும் சோதனையில் யாரும் முழுத் திறனில் ஓட்டுவதில்லை. அப்போது ஐரோப்பாவில் நடைமுறையில் இருந்த சோதனை ஏறக்குறைய 20 நிமிடங்களில் முடிந்துவிடும். அதில் காரின் சராசரி வேகம் மணிக்கு 35 கிலோமீட்டரைக்கூடத் தொடாது. அவ்வளவு மெதுவாக ஊரும் காருக்குத் தேவைப்படும் திறன் மிகச் சொற்பம் என்பதால், பெரிய எஞ்சினின் த்ராட்டில், அதாவது உள்ளே போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் அடைப்பு, ஏறத்தாழ மூடியே கிடக்கும். அந்தச் சிறிய இடைவெளி வழியாகக் காற்றை இழுப்பதற்கே பிஸ்டன்கள் கணிசமான ஆற்றலைச் செலவிட வேண்டியிருக்கும். கொள்ளளவு குறைந்த எஞ்சினிலோ அதே வேலைக்கு த்ராட்டில் அதிகமாகத் திறந்திருக்கும், உராய்வு இழப்பும் குறையும், டர்போவுக்குப் பெரிதாக வேலையே இராது. கார்பன் டை ஆக்சைடு உமிழ்வு 458இல் கிலோமீட்டருக்கு 307 கிராமாக இருந்தது, 488இல் 260 கிராமாக இறங்கியதற்கு இதுவே முதன்மையான காரணம். ஓட்டுபவர் ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்தால் என்ன ஆகும் என்று அந்தச் சோதனை கேட்கவே இல்லை.

மறுமொழி 2

மேலே சொன்ன விளக்கத்தில் குறையில்லை. ஆனால் விதிகளின் பங்கைச் சற்றுப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009ஆம் ஆண்டுச் சட்டம், விற்கப்படும் புதிய கார்களின் சராசரி உமிழ்வு 2015க்குள் 130 கிராமுக்கு இறங்க வேண்டும் என்றது. அடுத்த இலக்கு 95 கிராம். ஆண்டுக்கு 10,000 கார்களுக்கும் குறைவாக விற்கும் சிறிய நிறுவனங்கள் தங்களுக்கெனத் தனி இலக்கைக் கோரலாம் என்பதால், ஃபெராரி போன்றவற்றின் கழுத்தை அந்த 95 நேரடியாக நெரிக்கவில்லை. இருந்தாலும், தனி இலக்குக் கேட்பவர் உமிழ்வைக் குறைத்துவருவதைக் காட்டியாக வேண்டும்.

பலர் பேசாமல் விடும் இன்னொரு காரணம் சீனா. அங்கே 2008 முதல் கார்களின் நுகர்வு வரி எஞ்சின் கொள்ளளவைப் பொறுத்தே அமைகிறது: 4.0 லிட்டருக்கு மேல் 40 விழுக்காடு, 3.0 முதல் 4.0 வரை 25, அதற்குக் கீழே 2.5 வரை 12. இப்போது எஞ்சின்களைப் பாருங்கள். 488இன் கொள்ளளவு 3,902 சிசி, மெர்சிடிஸ் ஏஎம்ஜியின் எட்டு சிலிண்டர் டர்போ 3,982 சிசி, 911 கரேராவின் டர்போ 2,981 சிசி. இது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். தற்செயல் என்று நம்பவும் மனம் வரவில்லை.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. அந்த வரிக் கணக்கு எனக்கு முற்றிலும் புதிது. ஓட்டும் அனுபவத்தில் நாம் இழந்தது என்ன?

மறுமொழி 3

முதலில் ஒலி. வெளியேறும் வாயு டர்போவின் சக்கரத்தைச் சுழற்றிவிட்டுப் போவதால் அதன் துடிப்பு அங்கேயே மழுங்கிவிடுகிறது. அடுத்தது, சுற்று வேகம் ஏற ஏறத் திறனும் சீராக ஏறிவரும் அந்தச் சுகம். இதை ஃபெராரியும் அறிந்திருந்தது; அதனால்தான் 488இன் 760 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையை ஏழாவது கியரில் மட்டும் முழுதாகக் கொடுத்து, கீழ்க் கியர்களில் மென்பொருளால் அடக்கி வைத்தது. இருப்பதை மறைத்து, இல்லாததைப் போல நடிக்கும் எஞ்சின் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. போர்ஷே 2016இல் பாக்ஸ்டர், கேமன் கார்களின் ஆறு சிலிண்டர்களை நான்காக்கி டர்போ சேர்த்தபோது வேகம் கூடியது, ஆனால் ஒலியைப் பற்றிய குறை ஓயவே இல்லை. 2020இல் அவற்றின் ஜிடிஎஸ் வகைக்கு டர்போ இல்லாத 4.0 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சின் திரும்பி வந்தது.

மறுமொழி 1

அந்தத் திரும்புதலுக்குப் பின்னால் சோதனை முறையும் மாறிவிட்டது. 2017இலிருந்து ஐரோப்பாவில் கடுமையான புதிய சோதனையும், சாலையில் ஓடும்போதே நச்சுப் புகையை அளக்கும் முறையும் வந்தன. சிறிய டர்போ எஞ்சினைக் கடுமையாக விரட்டினால் வெப்பம் எல்லை மீறும். அதைத் தணிக்கத் தேவைக்கு மிஞ்சிய பெட்ரோலை உள்ளே விடுவது பழைய உத்தி. இனி அதற்கு இடமில்லை என்றால், வேறு வழி கொள்ளளவைக் கூட்டுவதே. 2024இல் வந்த 911 ஜிடிஎஸ் கலப்பினக் காரில் (பெட்ரோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் உள்ள கார்), காற்றும் பெட்ரோலும் எல்லா நிலையிலும் சரியான விகிதத்திலேயே எரிகின்றன. அதன் எஞ்சின் 3.0 லிட்டரிலிருந்து 3.6 லிட்டராக வளர்ந்திருக்கிறது.