டெஸ்ட்ல 11 செகண்ட் தான், ஆனாலும் அம்மா விழறாங்களே?

சாரல்77:
அம்மாவுக்கு 78 வயசு. ஆறு மாசத்துல ரெண்டு தடவை விழுந்துட்டாங்க, ரெண்டுமே ராத்திரி பாத்ரூம் போக எழுந்தப்போ, நல்லவேளை எலும்புக்கு ஒண்ணும் ஆகல. செக்கப்ல சேர்லருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து திரும்பி வந்து உக்கார சொன்னாங்க, 11 செகண்ட், 12க்குள்ள இருக்கு பயமில்லைன்னு அனுப்பிட்டாங்க. அப்புறம் ஏன் விழறாங்க? நான் தான் ஓவரா பயப்படறேனா?

பிசியோ அக்கா:
ஓவர் எல்லாம் இல்ல. ரெண்டு தடவை விழுந்ததே போதும், வாட்ச் என்ன காட்டினாலும் சரி. அந்த டெஸ்ட் 1991லருந்து இருக்கு, நல்ல டெஸ்ட் தான், ஆனா நான் செகண்டை விட திரும்பற இடத்தைத்தான் பாப்பேன். ரெண்டு மூணு எட்டுல திரும்பறாங்களா, இல்ல பொடிப்பொடியா எட்டு வச்சு நகந்து நகந்து திரும்பறாங்களா, எழும்போது சேர் கையை ஊணினாங்களா, இதெல்லாம் 11ங்கற நம்பர்ல எங்க தெரியப்போகுது. சேரை சுவரோட ஒட்டிப் போட்டு, கையை மார்ல கட்டிக்கிட்டு 30 செகண்ட்ல எத்தனை தடவை எழுந்து உக்காறாங்கன்னு எண்ணுங்க, அவங்க வயசு லேடீஸுக்கு 10க்கு கீழன்னா கால்ல பலம் கம்மி. பக்கத்துலயே நில்லுங்க!

ராக்கோழி:
ரெண்டும் ராத்திரின்னா பிபியை படுக்க வச்சும் நிக்க வச்சும் பாத்தாங்களா? 5 நிமிஷம் படுத்தப்புறம் ஒரு தடவை, எழுந்து நின்னு 1 நிமிஷத்துல, 3 நிமிஷத்துல. மேல் நம்பர் 20 இல்ல கீழ் நம்பர் 10 இறங்கினா அது தான் வில்லன். எங்கப்பாவுக்கு இதான், உக்காந்து பாக்கும்போதெல்லாம் பக்காவா இருக்கும். தூக்க மாத்திரை போடறாங்களா?

சாரல்77:
பாத்துட்டேன். சேர்ல 8 தடவை, அதுலயும் கடைசி ரெண்டு கையை எடுத்துட்டாங்க. படுத்து 142, நின்னதும் 116!! கேட்டா "எழுந்தா கொஞ்சம் இருட்டிக்கிட்டு வரும், வயசானா அப்படித்தானே"ங்கறாங்க, இத்தனை நாளா ஒரு வார்த்தை சொல்லல. தூக்க மாத்திரையும் உண்டு, பிபி மாத்திரையும் ராத்திரி தான். நிறுத்திடலாமா?

பிசியோ அக்கா:
நீங்களா நிறுத்தவே நிறுத்தாதீங்க. இந்த நம்பரை எழுதிக்கிட்டு, மாத்திரை எல்லாத்தையும் ஒரு பைல போட்டு டாக்டர்கிட்ட எடுத்துட்டு போங்க. அதுவரைக்கும் கட்டில் ஓரத்துல ரெண்டு நிமிஷம் உக்காந்து, பாதத்தை மேலயும் கீழயும் ஆட்டிட்டு எழ சொல்லுங்க, லைட் ஸ்விட்ச் படுத்தபடியே எட்டணும்.