இயந்திரம் எடுத்த முடிவுக்கு யார் பதில் சொல்வது?

கேள்வி:
கடன் விண்ணப்பம், வேலைக்கான முதற்கட்டத் தேர்வு, உதவித்தொகை எனப் பலவற்றிலும் இப்போது மென்பொருளின் கணிப்பே முடிவாகிவிடுகிறது. அது தவறும்போது, அலுவலர் "கணினியில் அப்படித்தான் வருகிறது" என்கிறார். மென்பொருளை உருவாக்கிய நிறுவனமோ, தாங்கள் பரிந்துரை மட்டுமே செய்வதாகச் சொல்கிறது. தொழில்நுட்பம் வளர வளரப் பொறுப்பு யார் கையிலும் நிற்காமல் நழுவிப் போகிறதா?

மறுமொழி 1:
இது புதிய சிக்கல் அன்று. 1985 முதல் 1987 வரை தெராக்-25 என்ற கதிர்வீச்சுச் சிகிச்சைக் கருவி, அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மீறிய கதிர்வீச்சைச் செலுத்தியது. முந்தைய கருவியில் இத்தகைய பிழையைத் தடுத்துவந்த வன்பொருள் பூட்டுகளை நீக்கிவிட்டு, அந்தக் காவலையும் மென்பொருளிடமே ஒப்படைத்திருந்தார்கள். சிகிச்சைக்கான கதிர் வகையை எக்ஸ்-கதிர் என்று தவறாக உள்ளிட்டதைப் பழகிய கை எட்டு வினாடிக்குள் எலக்ட்ரான் என்று திருத்திவிட்டால், திரை திருத்தத்தைக் காட்டும். கருவியின் உள்ளமைப்பு அதற்கேற்ப முழுமையாக மாறியிருக்காது. திரையில் வந்ததெல்லாம் 'கோளாறு 54' என்ற பொருள் விளங்காத அறிவிப்புதான். அத்தகைய அறிவிப்புகள் அடிக்கடி வந்து பழகிப்போனதால், இயக்குபவர் தொடர்வதற்கான விசையை அழுத்தினார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மறுமொழி 2:
அங்கே பிழை உடலைச் சுட்டது. பிரிட்டன் அஞ்சல் துறையின் ஹொரைசன் கணக்கு மென்பொருள் விவகாரத்தில் மானத்தைச் சுட்டது. 1999 முதல் 2015 வரை, கணக்கில் பணம் குறைவதாக அந்த மென்பொருள் காட்டியதை நம்பி, கிளை அஞ்சலகங்களை நடத்தியவர்களில் 900-க்கும் மேற்பட்டோர் திருட்டு, மோசடி போன்ற குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டனர். கணினி சரியாக இயங்குகிறது என்றே நீதிமன்றம் கருதிக்கொள்ளும் என்பதால், அதன் பிழையைக் காட்டும் சுமை, மென்பொருளின் உள்ளே எட்டிப் பார்க்கக்கூட வழியில்லாத அவர்கள் தலையில் விழுந்தது. பெரும்பாலான தீர்ப்புகளை நீக்க 2024-இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. ஆகவே, பொறுப்பு நழுவவில்லை; எதிர்த்துப் பேச வலுவில்லாதவர் மீது இறங்குகிறது என்பேன்.

கேட்டவர்:
அப்படியானால், இறுதி முடிவை மனிதரே எடுக்க வேண்டும் என்று விதித்தால் தீராதா?

மறுமொழி 2:
முழுக்கத் தானியங்கி முறையில் எடுக்கப்படும் முக்கிய முடிவுகளுக்கு எதிராக, ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018-இல் நடைமுறைக்கு வந்த தரவுப் பாதுகாப்பு விதிகளின் 22-ஆம் பிரிவு காப்பு அளிக்கிறது. நல்ல விதிதான். ஆனால், கணினியின் முடிவை ஏற்க ஒரு சொடுக்குப் போதும், மறுக்க மட்டும் இரண்டு பக்க விளக்கம் எழுத வேண்டும் என்று அலுவலகம் வகுத்துவிட்டால், மேசை நிறையக் கோப்புகளோடு அமர்ந்திருப்பவர் எத்தனை முறை மறுப்பார்?