ரியாக்‌ஷன் ஷொட்டுக்குத் தமிழ்: ஒரு சொல் போதுமா?

க., கோண்டாவில்:

அனைவருக்கும் வணக்கம்.

‘திரையும் அரசியலும்’ பாடக்குறிப்புக்கான சொற்பட்டியலில் ரியாக்‌ஷன் ஷொட் மட்டும் வெறுமையாக நிற்கிறது. ஒருவர் பேசிக்கொண்டிருக்க, கேட்பவரின் முகத்தைக் காட்டும் அந்தச் சில வினாடிகள்தான் விசயம். குளோசப்புக்கு அண்மைக்காட்சி, லோங் ஷொட்டுக்குச் சேய்மைக்காட்சி என்று ஏற்கெனவே போட்டாயிற்று. இதற்கும் ‘எதிர்வினைக் காட்சி’ என்று எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போவோம் என்பது பலருடைய எண்ணம். அவசரப்பட வேண்டாம் என்று கேட்கிறேன். அரசியலைத் திரையில் படிக்க வரும் பிள்ளைக்கு இதைவிட முக்கியமான சொல் இந்தப் பட்டியலில் இல்லை.

1960 செப்டெம்பர் 26 அன்று சிக்காகோவில் அமெரிக்க ஜனாதிபதி வேட்பாளர்களான கெனடிக்கும் நிக்சனுக்கும் நடந்த முதலாவது தொலைக்காட்சி விவாதத்தைப் பாருங்கள். கெனடி பேசும்போது ஒளிபரப்பை இயக்கிய டொன் ஹியூவிற் இடையிடையே நிக்சனின் முகத்துக்குப் படத்தை மாற்றினார். முழங்கால் நோயால் வைத்தியசாலையில் கிடந்து எழும்பி வந்திருந்த நிக்சன் வெளிறிப்போய், முகத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றார். அவர் வாய் திறக்காத வினாடிகள்தான் அவருக்குக் கேடாய் வந்தன. 1992 ஒக்டோபர் 15 விவாதத்தில் மூத்த புஷ் கைக்கடிகாரத்தைப் பார்த்ததும், 2000 விவாதத்தில் அல் கோர் பெருமூச்சு விட்டதும் இதே கணக்குத்தான். 2004இல் இரு வேட்பாளர்களின் குழுக்களும் செய்துகொண்ட உடன்படிக்கையில், ஒருவர் பேசும்போது மற்றவரின் முகத்தைக் காட்டக் கூடாது என்றே ஒரு நிபந்தனை இருந்தது. தொலைக்காட்சி நிறுவனங்கள் அதற்கு இணங்கவில்லை. செப்டெம்பர் 30 விவாதத்தில் கெரி பேசப் பேச இளைய புஷ் முகம் சுளித்ததை நாடே பார்த்தது.

‘கேட்போர் முகம்’ என்று வைக்கலாமா? உங்கள் கருத்துக்களை எழுதுங்கள்.

வ., திருநெல்வேலி:

தம்பி, ‘எதிர்வினை’ வேண்டாம் என்பதில் நானும் உங்கள் பக்கம். எங்கள் பாடநூல்களில் ரியாக்‌ஷன் என்பது தாக்கம். இரசாயனத் தாக்கம் என்றுதான் பிள்ளைகள் படிக்கிறார்கள். நியூட்டனின் மூன்றாம் விதியில் அது மறுதாக்கம். தமிழகத்தில் வினை, எதிர்வினை என்பார்கள். எதை எடுத்தாலும் ஒரே சிக்கல்: முன்னது காரணம், பின்னது விளைவு என்று சொல்லே தீர்ப்பு எழுதிவிடுகிறது. திரையில் பேச்சும் முகமும் அடுத்தடுத்து வந்தால் மனம் தானாகவே அவற்றை முடிச்சுப் போடும். சோவியத் இயக்குநர் குலஷோவ் 1920ஐ ஒட்டிய காலத்தில் செய்து காட்டியது இதைத்தான். நடிகர் மொசுகினின் ஒரே முகத்துண்டை ஒருமுறை சூப்புக் கிண்ணத்தோடும் இன்னொருமுறை சவப்பெட்டியோடும் ஒட்டினார். பார்த்தவர்கள் முதலாவதில் பசியையும் மற்றதில் துயரத்தையும் கண்டார்கள். மனம் போடுகிற முடிச்சைக் கலைச்சொல்லும் சேர்ந்து இறுக்கக் கூடாது.

ஆனால் ‘கேட்போர் முகம்’ என்பதிலும் அதே பிழை ஒளிந்திருக்கிறது. அவர் அந்த நேரம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார் என்பதற்கு என்ன உறுதி?

சி., யாழ்ப்பாண நகர்:

மாஸ்ரர் கடைசியாகக் கேட்டதுதான் சரியான கேள்வி. வெட்டி ஒட்டும் மேசையில் நடப்பதைச் சொன்னால் விவாதம் சுருங்கும் என்று நினைக்கிறேன்.

முற்றவெளி மைதானத்தில் ஒரு தேர்தல் கூட்டம் என்று வையுங்கள். செய்திக்கு வந்திருப்பது பெரும்பாலும் ஒரு கமரா, ஒரு ஆள். தலைவர் 40 நிமிடம் பேசுகிறார். செய்தியில் அவருக்குக் கிடைப்பது 20 வினாடி. அவர் பேசும்போது கமராவைக் கூட்டத்தின் பக்கம் திருப்பினால், அந்த நேரம் அவர் சொல்லும் முக்கியமான வசனம் படத்தில் விழாது. அதனால் கூட்டத்தின் முகங்களை முன்கூட்டியே, அல்லது வேறு யாராவது சாதாரணமாகப் பேசும்போது எடுத்து வைத்துக்கொள்வார்கள்.

பிறகு வெட்டுமேசை. 6ஆம் நிமிடத்திலிருந்து ஒரு வசனம், 31ஆம் நிமிடத்திலிருந்து ஒரு வசனம். இரண்டையும் நேரே ஒட்டினால் தலை ஒரு பக்கமிருந்து மறு பக்கம் துள்ளும். அந்தத் துள்ளலை மறைக்க, குரலை ஓடவிட்டுவிட்டு மேலே 2 முதல் 4 வினாடி கூட்டத்து முகமொன்றை வைப்பார்கள். பிள்ளைகள் மனதில் பதிக்க வேண்டியது இதுதான்: ஒற்றைக் கமராச் செய்தியில் முகம் வந்து மூடும் இடத்தில், கீழே பேச்சு வெட்டப்பட்டிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. முகத்தைப் பார்க்காமல் அந்த இடத்தில் காதைக் கொடுக்கச் சொல்லுங்கள். ஜெனரேற்றர் இரைச்சல் திடீரென்று மாறுகிறதா, ஒலிபெருக்கியின் எதிரொலி அடங்குமுன் அடுத்த வசனம் தொடங்குகிறதா, இரண்டு வசனத்துக்கும் நடுவில் மூச்சு எடுக்கும் சத்தம் இருக்கிறதா?

படத்திலும் தடயம் கிடைக்கும். மேடையில் மின்வெளிச்சம் எரிய, கூட்டத்து முகத்தில் பின்னேர வெயில் விழுந்தால் இரண்டும் ஒரே நேரத்தவை அல்ல என்று சந்தேகிக்கலாம். எல்லாருடைய கண்ணும் மேடையை விட்டு வாசல் பக்கம் திரும்பியிருந்தால், அது தலைவர் வந்திறங்கியபோது எடுத்ததாக இருக்கலாம். அப்படியானால் அந்த முகங்களில் தெரியும் சிரிப்பு அவருடைய வருகைக்கானது, பேச்சுக்கானது அல்ல. யூரியூப்பில் படத்தை நிறுத்திவிட்டு முற்றுப்புள்ளி விசையை அழுத்தினால் ஒவ்வொரு சட்டகமாக (அசையாத தனிப்படமாக) முன்னே போகும், காற்புள்ளி விசை பின்னே கொண்டுவரும். எங்கள் ஒளிபரப்பு முறையில் வினாடிக்கு 25 சட்டகம். கைதட்டும் முகத்தில் இரண்டு உள்ளங்கையும் சேரும் சட்டகத்தையும் சத்தத்தையும் ஒப்பிடலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 340 மீற்றர்தான் போகும். மேடையிலுள்ள ஒலிவாங்கிக்கும் கைதட்டுபவருக்கும் இடையில் 68 மீற்றர் இருந்தால், உண்மையான நேரடிப் படத்திலும் சத்தம் 5 சட்டகம் பிந்தும். இதைத் தெரியாமல் ‘ஏமாற்று’ என்று எழுதும் பிள்ளைக்கு நாங்கள்தான் பொறுப்பு.

ஆகவே பல கமராக்களுக்கு நடுவே நேரடியாக மாற்றிக் காட்டும் முகமும், வேறு நேரத்தில் எடுத்துப் பின்னர் வைக்கும் முகமும் இரண்டு வேறு பொருட்கள். 1960 விவாதத்து நிக்சன் முகம் முதல் வகை, முற்றவெளி முகம் இரண்டாம் வகை. ஆங்கிலம் இரண்டையும் ஒரே பெயரால் அழைத்தால் அழைக்கட்டும். நாங்கள் ஏன் அந்தக் குழப்பத்தையும் சேர்த்து இறக்குமதி செய்ய வேண்டும்? முதலாவதற்கு ‘உடன்முகம்’, இரண்டாவதற்கு ‘செருகுமுகம்’ என்று முன்மொழிகிறேன்.

வ., திருநெல்வேலி:

சி. அக்கா, ‘செருகுமுகம்’ நல்ல வினைத்தொகை. செருகிய, செருகுகிற, செருகும் முகம் என்று மூன்று காலத்துக்கும் நிற்கும். யார் செருகினார், ஏன் செருகினார் என்று பிள்ளையைக் கேட்கவும் வைக்கும். முகம் இல்லாமல் கொடியையோ பதாகையையோ வைத்தால் ‘செருகுகாட்சி’ என்று விரித்துக்கொள்ளலாம்.

இந்தப் பிரிவினைக்கு ஒரு திரைப்படச் சான்றும் உண்டு. 1987இல் வந்த ‘புரோட்காஸ்ற் நியூஸ்’ படத்தில், ஒரு பெண்ணுடனான செவ்வியின் நடுவே செய்தியாளரின் கண்ணில் நீர் முட்டுவதைப் பார்த்து எல்லோரும் உருகுகிறார்கள். அந்த இடத்தில் இருந்தது ஒரே கமரா என்பது பின்னால்தான் தயாரிப்பாளருக்கு உறைக்கிறது. ஒரு கமரா பெண்ணின் முகத்தைப் படம் பிடித்துக்கொண்டிருக்க, செய்தியாளரின் கண்ணீரை எது பிடித்தது? செவ்வி முடிந்தபின் தனியாக எடுத்துச் செருகியது அது. ‘எத்தனை கமரா?’ என்ற அந்த ஒரு கேள்வியை வகுப்பின் முதல் பயிற்சியாகவே வைக்கலாம். செவ்வி எடுப்பவர் பின்னர் தனியாக இருந்து தலையாட்டும் துண்டுகளும் இதே இனம். 2007இல் பிரித்தானியாவின் சனல் ஃபைவ் செய்திப் பிரிவு அவற்றைக் கைவிடுவதாக அறிவித்தது.

‘உடன்முகம்’ பற்றி எனக்கு அவ்வளவு திருப்தி இல்லை. உடன்கட்டை, உடன்பிறப்பு என்று காது வேறு திசைக்குப் போகிறது. ‘நேர்முகம்’ ஏன் கூடாது?

க., கோண்டாவில்:

மாஸ்ரர், நேர்முகம் என்றால் எங்கள் பிள்ளைகளுக்கு வேலைக்கான நேர்முகப் பரீட்சைதான் நினைவுக்கு வரும். ‘உடனிகழ்’ என்பதன் சுருக்கமாக ‘உடன்’ நிற்கட்டும், பழகினால் காது ஒத்துக்கொள்ளும்.

‘கேட்போர் முகம்’ என்ற என் முன்மொழிவை விட்டுவிடுகிறேன். உடன்முகத்துக்குத் தனிப்பெயர் வேண்டும் என்பதற்கு 1984 மே 10 இன்னொரு காரணம். அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் கமராக்கள் சபாநாயகரின் கட்டுப்பாட்டில் இருப்பவை. பேசுபவரை மட்டுமே காட்டுவது அன்றைய வழக்கம். குடியரசுக் கட்சி உறுப்பினர் கிங்றிச்சும் அவருடைய கூட்டாளிகளும் சபை அலுவல் முடிந்த பிறகு எழும்பி, ஜனநாயகக் கட்சியினரைப் பேர் சொல்லிச் சவால் விட்டுப் பேசுவார்கள். எதிரே யாருமே இல்லை என்பது வீட்டில் பார்ப்பவருக்குத் தெரியாது. பதில் சொல்ல முடியாமல் அவர்கள் வாயடைத்து இருப்பதாகவே படும். சபாநாயகர் ஓநீல் அன்று கமராவை மண்டபம் முழுக்கச் சுழற்றச் சொன்னார். தெரிந்தவை வெறுங் கதிரைகள். அங்கே பொய்யான முகம் ஒன்றும் செருகப்படவில்லை. உடன்முகம் காட்டப்படாததே அதுவரை பொய்யை நடத்தியது. ‘உடன்முகம் மறைக்கப்பட்டது’ என்று பிள்ளை ஒரு வரியில் எழுதக்கூடியதாக இருக்க வேண்டும். ‘எதிர்வினைக் காட்சி மறைக்கப்பட்டது’ என்றால், வராத எதிர்வினையை மறைத்ததாக அல்லவா பொருள்படும்?

சி., யாழ்ப்பாண நகர்:

இரண்டு சொல்லையும் ஏற்கிறோம் என்றால் ஒரு திருத்தம். பிளவுத்திரை விவாதங்களில் நாலு பெட்டிக்குள் நாலு முகமும் எப்போதும் தெரியும். வெட்டே இல்லாததால் எல்லாம் உடன்முகம் என்று எடுத்துக்கொள்வோம். ஆனால் ஒருவர் கொழும்புக் கலையகத்திலும் மற்றவர் யாழ்ப்பாணத்தில் இணைய அழைப்பிலும் இருந்தால், யாழ்ப்பாணத்தவரின் முகம் ஒன்று இரண்டு வினாடி பிந்தி வரும். நகைச்சுவைக்குச் சிரித்த சிரிப்பு, அடுத்து வரும் சாவுச் செய்திக்கு மேல் விழும். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. நேரடியானது, ஆனால் பிந்தியது. வரைவிலக்கணத்தில் இதற்கு இடம் வேண்டும். நான் எழுதிய வரைவு:

உடன்முகம் – ஒருவர் பேசும் அதே நேரத்தில், வேறொரு கமராவால் எடுத்துக் காட்டப்படும் மற்றவரின் முகம். தொலை இணைப்பில் வரும்போது சில வினாடி பிந்தக்கூடும். அதைப் ‘பிந்திய உடன்முகம்’ என்க.

செருகுமுகம் – வேறு நேரத்தில் எடுக்கப்பட்டு, பேச்சின் மேல் பின்னர் வைக்கப்படும் முகம். பேச்சில் வெட்டு விழுந்த இடத்தை மறைக்கப் பெரும்பாலும் பயன்படுவது.

வ., திருநெல்வேலி:

ஏற்கிறேன். பட்டியலில் சேர்க்கலாம். ‘எதிர்வினைக் காட்சி’யைப் பார்க்க-குறிப்பாக மட்டும் விட்டு, இரண்டு சொல்லுக்கும் வழிகாட்டிவிடுங்கள். தமிழக நூல்களை வாசித்துவிட்டு வரும் பிள்ளை அந்தச் சொல்லைத்தான் முதலில் தேடும்.